தண்ணி ஏறாத கண்ணாடி

இல்லண்ணே, இது ஓரத்துல காத்து விடுது, வேற காட்டுங்க. தண்ணிக்குள்ள குப்புறப் படுத்து மீனு பாக்குறதுக்கு. ஆமா, மூக்கையும் சேத்து மூடுற கண்ணாடி, வாயில ஒரு குழாய், காலுக்கு வாத்துக்காலு மாதிரி ரப்பர். ஆம்பளைக்கு ஒரு செட்டு, பொம்பளைக்கு ஒரு செட்டு. அதுக்கு ஒரு பேரு சொல்லி அனுப்பிச்சாங்க, ஸ்நோக்கலோ என்னமோ. ஃபெரியில இருந்து எறங்குறதுக்குள்ள மறந்து போச்சு.

எனக்கில்லண்ணே! நான் எங்க மீனு பாக்கப் போறேன், பாசார்ல வெட்டி வச்சிருக்கிறதப் பாக்குறதோட சரி. என் தங்கச்சிக்கு. வடிவுன்னு பேரு. வர்ற ஞாயித்துக்கெழம கல்யாணம். முடிஞ்சதும் பொண்ணும் மாப்பிள்ளையும் லங்காவித் தீவுக்குப் போறாங்க. மாப்பிள்ளையோட ஃபேக்டரியில யாரோ போயிட்டு வந்து போட்டோ காட்டுனாங்களாம். அதுலேருந்து மனுசனுக்கு அதே பேச்சு. எனக்குக் கல்யாணம் ஆனப்பவும் லங்காவின்னு ஒரு பேச்சு இருந்துச்சுதான். இங்க பத்து ஃபெரிங்கி கடற்கரையில கால நனைச்சதோட வீட்டுக்கு வந்துட்டோம்.

பொண்ண ஏன் கூட்டிட்டு வரலன்னா, நேத்து நலங்கு வச்சாச்சுண்ணே. அதுக்கப்புறம் பொண்ணு வாசப்படி தாண்டக் கூடாதுன்னு எங்க மாமியாரு ஒரே கண்டிப்பு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி, ஒரே காலு. ஒனக்குப் பொருந்துனா அவளுக்கும் பொருந்தும், நீ போயிட்டு வான்னு அனுப்பிட்டாங்க.

பாப்பா, அதத் தொடாத. தொடாதன்னேன்ல. அந்த ஸ்டூல்ல உக்காரு. என் மகதாண்ணே. நாலு வயசு. இல்ல, இவ ஒண்ணுதான். இவ பொறந்தப்பவே ஆஸ்பத்திரியில வயித்துல இருந்தத எல்லாம் எடுத்துட்டாங்க. இனிமே இல்ல.

இதுவா? தலையில ரப்பர் வார மாட்டாம மூஞ்சியில வச்சு, மூக்கால மூச்ச உள்ள இழுக்கணுமா? கையெடுத்தாலும் ஒட்டிக்கிட்டு நின்னா அதான் சைசு. சரி. ம்ம். ஐயோ, விழுந்துருச்சு. சிரிச்சேனா? நானா? கன்னம் மடிஞ்சாக்கூட காத்து பூந்துருமா? சரிண்ணே, சிரிக்காம வச்சுக்குறேன். அது எனக்குப் பழக்கந்தான்.

பாத்துக் குடுங்கண்ணே, அவளுக்கு நீச்சல் தெரியாது. சின்னதுல தாசேக் கெலுகோர் தோட்டத்துல பெரிய வாய்க்கால்ல விழுந்துட்டா. முடியப் புடிச்சு இழுத்துக் கரையில போட்டது நான்தான். எங்கம்மா போனப்புறம் அவள இடுப்புல வச்சிக்கிட்டு எப்படிப் பள்ளிக்கூடம் போறது? மூணாவதோட நின்னுட்டேன். அவள ஃபார்ம் த்ரீ வரைக்கும் படிக்க வச்சோம். நான் கட்டிக்கிட்டு சிம்பாங் அம்பாட் வந்தப்பவும் கூடவே கூட்டிட்டு வந்துட்டேன். அங்க தனியா விட மனசு வரல. இப்ப நெனச்சா, விட்டுட்டு வந்திருக்கலாம்.

இல்ல, சும்மா சொன்னேன்.

அந்த நீலத்த எடுங்க. ம்ம்... நிக்குது பாருங்க! கையெடுத்துட்டேன், விழல. இதே இருக்கட்டும். அவளும் நீலந்தான் கேட்டா.

குழாய எப்படி, பல்லால கடிச்சுக்கணுமா? உதட்ட மூடிக்கிட்டு வாயாலயே மூச்சு விடணும். அப்ப பேச முடியாதுல்ல? பரவால்ல. பேசாம இருக்கக் குழாய் எதுக்குலா, எங்க வீட்டுல அது இல்லாமயே இருக்கச் சொல்லித் தருவாங்க. நான் கடைகண்ணியில இவ்வளவு பேசுறவ இல்லண்ணே. கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு என்னமோ வாய் நிக்க மாட்டேங்குது.

மாப்பிள்ளைக்கா? காலு ஒம்போது. எடது காலு கொஞ்சம் அகலம், சுண்டுவெரல்கிட்ட காய்ச்சிப் போயிருக்கும், இறுக்கமாக் குடுத்துறாதீங்க. எப்படித் தெரியும்னா, தெரிஞ்ச மனுசந்தாண்ணே. சொந்தந்தான். கண்ணாடி அந்தப் பெரிய கறுப்பு போதும், மூஞ்சி அகலம். மீசையா? இருக்கு, நல்ல கெடா மீசை. அதுல தண்ணி ஏறிடுமா? அவரு எடுக்க மாட்டாரு. அவங்கப்பா செத்தப்ப காரியத்துக்கு மீசைய எடுக்கச் சொல்லிப் பங்காளிங்க எல்லாரும் கெஞ்சுனாங்க. மொட்டைக்கு உக்காந்தாரு, மீசைய விட மாட்டேன்னுட்டாரு. அப்பனுக்கே எடுக்காதவரு மீனுக்கா எடுப்பாரு? வாசலின் தடவுனா தண்ணி வராதா? சரி, வடிவுகிட்ட சொல்லி வைக்கிறேன். அவளுக்குச் சொல்லிக் குடுக்க வேண்டியது நெறைய இருக்கு.

என்னது, எச்சியா? கண்ணாடிக்கு உள்பக்கம் துப்பித் தேய்க்கணுமா? சீ, வெளையாடாதீங்க. நெசமாவா? அப்பத்தான் ஆவி படியாதா? நல்லா இருக்குண்ணே உங்க வேவாரம். இல்லல்ல, இங்க வேணாம், கடையில வச்சு எப்படித் துப்புறது, வெக்கமா இருக்கு. வீட்டுல போயி அவங்கவங்க துப்பிக்கட்டும்.

காலுக்கு ஒம்போது இங்க இல்லியா? ஸ்டோர்லேருந்து எடுத்து வைக்கிறீங்களா? சரி, சனிக்கெழம வேல விட்டு அவரே வந்து வாங்கிக்குவாரு. மத்ததெல்லாம் நான் இப்பவே கொண்டு போறேன். பேரா?

பேரு எழுதித்தான் வைக்கணுமா? மாப்பிள்ளைன்னு போட்டா ஆகாதா?

பாப்பா, இங்க வா. மாமா கேக்குறாங்க பாரு. அப்பா பேரு என்ன? சத்தமாச் சொல்லு. இன்னொரு தடவ. ஆங்.

கேட்டுச்சாண்ணே? அந்தப் பேருதான், எழுதிக்குங்க. நான் வாயால சொல்லக் கூடாது.

ஏன் எழுதாம என்னையே பாக்குறீங்க? ஆமா, இவ அப்பாதான். என் வீட்டுக்காரருதான் மாப்பிள்ள. ஆம்பளப் புள்ள வேணுமாம். வெளியிலேருந்து எவளோ வர்றதுக்கு ஒன் தங்கச்சியே வந்தா ஒனக்குத்தானே நல்லதுன்னு மாமியாரு சொன்னாங்க. எங்கப்பா தலையாட்டிட்டாரு. வர்ற மார்ச்சு ஒண்ணாந்தேதிலேருந்து எங்காளுங்களுக்கு ஒரு பொண்டாட்டிதான்னு கவர்மெண்டு சட்டமாம். அதான் அவசர அவசரமா அதுக்கு முந்தின நாளே முகூர்த்தம். ஒரு நாளு விட்டிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்.

வடிவா? அவகிட்ட யாரு கேட்டா? மொதல்ல அழுதா, என் மடியிலதான் படுத்து அழுதா. ரெண்டு பேருமாத்தான் அழுதோம். நேத்து என்னடான்னா, மூஞ்சியில மஞ்சள் காயல, கையப் புடிச்சிக்கிட்டு, அக்கா, கண்ணாடி நீலமாப் பாத்து வாங்குக்கான்னு சொல்றா.

அந்த நீலத்தையே கட்டுங்க. ஒட்டி நின்னுச்சுல்ல, நீங்களும் பாத்தீங்கள்ல. அவ தண்ணி குடிச்சிறக் கூடாது. நான் இழுத்துக் கரையில போட்டவ.

அவரோடது எங்க? அந்தக் கறுப்பு. மூடாதீங்கண்ணே, இப்படிக் குடுங்க.

உள்பக்கந்தானே? நல்லா துப்பணும்னீங்க.

பாப்பா, நீ அந்தப் பக்கம் பாரு.