வரிசையை நிறுத்தியது நான்தான்

ஆரணி, 02.08.2025

என் பெயர் சூர்யகலா, வயது 37, த/பெ முருகேசன் (காலமானவர்). ஆரணியில் வாடகை வீட்டில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். புள்ளியியலில் முதுகலை படித்துள்ளேன். ராஜ்குமார் என்பவர் ஆன்லைனில் பட்டுச்சேலை விற்கும் கடையில் நான்கு வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். உடன் வேலை செய்த இருவரும் சென்ற வருடம் சென்னைக்குப் போய்விட்டபடியால், மாடி அறையில் நான் மட்டும் இருந்து வருகிறேன். அவர்களுடைய நாற்காலிகள் அப்படியே உள்ளன.

ஆடித் தள்ளுபடிக்குப் பத்து நாள் முன்பு கூட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பணம் கட்டும் பக்கம் நிமிடத்துக்குச் சராசரியாக முப்பது பேரை முடித்து அனுப்பும். இருபது பேர் வந்தால் காத்திருப்பதோடு சேர்த்து ஒருவருக்கு ஆறு வினாடி ஆகும், இருபத்தொன்பது பேர் வந்தால் ஒரு நிமிடம் ஆகும், முப்பதைத் தாண்டினால் வரிசை நீண்டுகொண்டே போகும். இதை எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். "கூட்டம் வந்தா நல்லதுதானம்மா, ஏன் பேஜார் பண்றே" என்றார்.

நேற்று வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்கு விற்பனை தொடங்கியது. நிமிடத்துக்கு நாற்பத்தைந்து பேர் வந்தார்கள். 10.40க்கு வரிசையில் அறுநூறு பேர் இருந்தார்கள், கடைசி ஆள் இருபது நிமிடம் காத்திருக்க வேண்டும். இருபத்தைந்து நிமிடம் தாண்டினால் அவர்கள் எடுத்துவைத்த சேலை தானாக விடுபட்டு மற்றவர்களுக்குப் போய்விடும். 10.40க்குள் முதலாளிக்கு ஏழு முறை போன் செய்தும் எடுக்கவில்லை. களம்பூர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றப் போயிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது அறையில் வேறு யாரும் இல்லை. புதிதாக வருபவர்களை நானே நிறுத்தினேன். 11 மணிக்குள் அறுநூறு பேரும் வாங்கி முடித்தார்கள். அதன் பிறகு நிமிடத்துக்கு இருபத்தெட்டுப் பேர் என்று அளவு வைத்துத் திறந்துவிட்டேன்.

பகல் 12 மணியளவில் தேவிகாபுரத்திலிருந்து விருத்தாம்பாள் என்பவர் கடைக்குப் போன் செய்தார். "ரொம்ப நேரம் காத்துகினு இருந்தேம்மா. பொண்ணு கல்யாணப் புடவை கெடச்சிடுச்சி. நீ சாப்ட்டியா?" என்று கேட்டார். சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னேன். சாப்பிட்டிருக்கவில்லை. அன்று என்னிடம் அதற்கு முன் யாரும் பேசவில்லை.

மாலையில் முதலாளி வந்து, "யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்றார். "கேக்கறதுக்கு யாரும் இல்லீங்க" என்றேன். அதன் பிறகு, போட்டிக் கடைக்கு ஆதரவாக வியாபாரத்தைக் கெடுத்தேன் என்று போலீஸில் புகார் கொடுத்துள்ளார். அது உண்மையல்ல. இன்று காலை இந்த ஸ்டேஷனில் ஆய்வாளர் முன்னிலையில் கம்ப்யூட்டர் பதிவுகளைப் பார்த்தபின் முதலாளி புகாரைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். என்னை இனி வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார்.

என்னை அழைத்துப்போக யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எழுத்தர் கேட்டார். படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விடும்படி கேட்டுக்கொண்டேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) மு. சூர்யகலா