எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம்

— வண்டியை அணைச்சிடாதே சோடாபுட்டி! இதோ இறங்கிட்டே இருக்கேன்.

— அரை மணியா இதையேதான்டி சொல்றே. உன்னை விட்டுட்டு உன் பெட்டியை மட்டும் ஏர்போர்ட்ல இறக்கிடவா?

— பெட்டி என்கூட இருக்கு. மேல... லேப்ல.

— லேப்லயா! ஊருக்கு ஓடிப் போறவளுக்கு லேப்ல என்னடி வேலை?

— கடைசியா ஒரு அம்மா வந்து உக்காந்திருக்காங்க. அவங்க எழுந்ததும் கிளம்பிடுவேன்.

— படிப்பே வேண்டாம்னு தலைமுழுகியாச்சு. இன்னும் யாரை உக்கார வச்சு ஆராய்ச்சி?

— வரச் சொல்லிட்டு கதவைப் பூட்டிட்டுப் போறது மரியாதையாடி? பாவம், வயசானவங்க.

— உன் மரியாதைக்கு ஒரு கும்பிடு. கைடு மேடத்துக்கிட்ட சொல்லிட்டியா?

— பிளேன் ஏறினதும் மெயில் போட்டுடுவேன்.

— வீட்ல?

— லீவுன்னு சொல்லியிருக்கேன்.

— ஆனர்ஸ் கடைசி வருஷம், ரிப்போர்ட் எழுதற நேரத்துல லீவு! நம்பிட்டாங்களா?

— அம்மா நம்பலை. அப்பா நம்பின மாதிரி இருக்கார்.

— கண்ணு...

— யாருடி அது குரல்?

— ஐயய்யோ... மைக்! அவங்க ரூமுக்குப் போற மைக் பட்டனை அமுக்கியே வச்சிருக்கேன். வை, வைடி போனை!

— கண்ணு, நான் எதுவும் கேக்கலை.

— ஸாரி ஆன்ட்டி. உள்ளே எவ்வளவு கேட்டுச்சு?

— வண்டியை அணைச்சிடாதேங்கறதுல இருந்து.

— அப்ப முழுசுமா!

— இல்ல இல்ல. நடுவுல நான் நீ குடுத்த பாசிமணியைப் பிரிக்கறதுல கவனமா இருந்தேன். அந்த 'வயசானவங்க' மட்டும் கொஞ்சம் சத்தமா விழுந்துச்சு.

— ஐயோ ஆன்ட்டி... அப்படிச் சொல்லலை...

— சொன்னே. பரவால்ல. இந்தக் கண்ணாடியில எனக்கு என் முகம்தான் தெரியுது. உனக்கு நான் தெரியறேனா?

— தெரியறீங்க. ஒருபக்கக் கண்ணாடி அது. ஆன்ட்டி, நாம பேசக் கூடாது, விதி. சிவப்பு ஒரு கிண்ணம், நீலம் ஒரு கிண்ணம். பிரிச்சாச்சா?

— அப்பவே ஆச்சு.

— சரி, ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிக் கலந்துட்டு... திரும்பப் பிரிங்க.

— மறுபடியுமா?

— நீங்க எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம்.

— சேச்சே. இருக்கட்டும். டீ வேற இன்னும் பாதி கிடக்கு.

— ஆறியிருக்கும். பிளாஸ்க் உங்க பக்கத்துலதான் இருக்கு, சூடா ஊத்திக்கோங்க. பையை மடியில வச்சுக்கிட்டே கஷ்டப்படறீங்களே, கீழே வைங்க.

— வச்சுட்டேன்.

— அப்பா, என்ன கனம்! தொப்புனு விழுது. பேரனுக்கு விளையாட்டுச் சாமானா?

— நான் பேசக் கூடாதுன்னியே?

— ஆமாம். ஸாரி... பேரனா, பேத்தியா?

— உனக்கு என்ன தோணுது? சைக்காலஜி படிக்கறவங்க மனசுல இருக்கறதைச் சொல்லிடுவாங்களாமே.

— நீங்களுமா ஆன்ட்டி! இங்க வர்றதுக்கு முன்னாடி சொந்தக்காரங்க ஒருத்தர் பாக்கியில்லாம கை நீட்டினாங்க. ஜோசியம்னு நினைச்சுட்டாங்க.

— சும்மா சொல்லேன். இப்ப நான் எதை நினைச்சுக்கிட்டிருக்கேன்?

— பேரனைத்தான். தூங்கி எழுந்து அழுவானேன்னு.

— அடேயப்பா. அப்படியே புட்டுப் புட்டு வைக்கறியே.

— பாத்தீங்களா! மகள் வீடா, மகன் வீடா?

— வீடுன்னா... ஒரு ரூம்தான். அது கிடக்கட்டும். உள்ள வரும்போது கதவுக்குப் பின்னாடி உன் பெட்டியைப் பாத்தேன். ரொம்பச் சின்னப் பெட்டி அது. ஒரேயடியாப் போறவ பெட்டி மாதிரி இல்லையே.

— புத்தகமெல்லாம் ரூம்லயே விட்டுட்டேன்.

— ஏன்?

— கனம்.

— தூக்கவா, படிக்கவா?

— ஆன்ட்டி, மணியைப் பாருங்க.

— வாயை மூடிக்கறேன். சிவப்பு... நீலம்... சிவப்பு...

— போதும் ஆன்ட்டி. நிறுத்திடுங்க. ஆய்வு முடிஞ்சுது.

— இன்னும் பிரிச்சு முடிக்கலையே?

— பிரிக்கவே வேண்டாம். முடிஞ்சதும் வந்தவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடணும், அதுவும் விதி. அந்தப் பாசிமணி பொய்.

— பொய்யா! நான் ஒரு நீலம் தப்பா விழுந்ததுக்கு உனக்குத் தெரியாம எடுத்துப் போட்டேனே!

— பாத்தேன். ஆன்ட்டி, நான் பாத்தது மணியை இல்ல. உங்களை. 'எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம்'னு சொன்ன பிறகு, சலிச்சுப்போய் ஒருத்தர் எப்ப எழுந்து போறாங்க... அதுதான் ஆராய்ச்சி.

— அடிப்பாவி. நான் எழுந்திருக்கவே இல்லையே?

— யாருமே எழுந்திருக்கலை! அதான் என் தலையெழுத்து. என் வகுப்புல ஒரு பையன் இதே வேலையை இங்கத்திய பாஷையில பண்றான். அவன்கிட்ட வந்தவங்கள்ல பாதிப் பேர் அஞ்சே நிமிஷத்துல கொட்டாவி விட்டுட்டு எழுந்து போயிட்டாங்க. நான் நம்ம ஆளுங்களை வச்சு, தமிழ்ல பண்றேன். ஒரு ஆள்... ஒரே ஒரு ஆள் அசையணுமே! எல்லாரும் சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம்னு...

— அதுக்காகப் படிப்பை விடுவாங்களா?

— நம்ம ஜனங்க அடங்கினவங்க, அதான் எழுந்திருக்கலைன்னு எழுதிக்கிட்டுப் போனேன். மேடம் படிச்சுட்டு, 'ஜனங்க மேல பழி போடறது சுலபம். நீ செய்யற முறையில எங்கேயோ ஓட்டை இருக்கு, கண்டுபிடிச்சுட்டு வா'ன்னாங்க. மண்டையை உடைச்சுக்கிட்டேன். சொல்ற வார்த்தையை மாத்தினேன். நாற்காலியை மாத்தினேன். கதவைத் திறந்தே வச்சேன். ம்ஹூம்... எனக்கு இது வராது ஆன்ட்டி. வகுப்புல எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியற ஒண்ணு எனக்கு மட்டும் தெரியலை. ஊரைவிட்டு இவ்வளவு தூரம் வந்து இதுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

— உக்காந்தவங்ககிட்ட கேட்டியா? ஏன் எழுந்திருக்கலைன்னு?

— கேட்டேன். 'சும்மாதான்', 'இருக்கட்டுமேன்னு', 'நீ நல்ல பொண்ணும்மா'... இதை வச்சு என்ன எழுத? நீங்க சொல்லுங்க. நீங்க ஏன் எழுந்திருக்கலை?

— நான் எங்க எழுந்திருக்க? டீ இருந்துச்சே.

— டீயா?

— கையில டம்ளர். பாதியில வச்சுட்டு எழுந்தா நல்லாவா இருக்கும்? சரி, குடிச்சுட்டுக் கிளம்பலாம்னு மடக்குனு குடிச்சேன். அதுக்குள்ள ஓடி வந்து இன்னொண்ணு ஊத்திட்டே.

— அது... வந்தவங்களுக்கு... எல்லாருக்கும் குடுக்கறதுதானே.

— எல்லாருக்குமா?

— எல்லாருக்கும்தான். முதல் ஆள்ல இருந்து.

— அந்தப் பையனும் குடுப்பானா?

— அவனா? பச்சைத் தண்ணிகூடக் காட்ட மாட்டான்... ஆன்ட்டி.

— சொல்லு.

— ஆன்ட்டி! டீ! ஐயோ... டீ!

— என்னம்மா, கையில கொட்டிக்கிட்டியா?

— இல்ல! ஓட்டை... ஓட்டை பிளாஸ்க்ல இருந்திருக்கு! நான் வார்த்தையைப் பாத்தேன், நாற்காலியைப் பாத்தேன், கதவைப் பாத்தேன். இந்த பிளாஸ்க்கை தினமும் நானேதான் தூக்கிட்டு வந்தேன், அதை மட்டும் பாக்கலை! செய்முறையில டீன்னு ஒரு வரி எழுதலை. எழுதணும்னே தோணலை. வந்தவங்களைச் சும்மா உக்கார வைக்கக் கூடாதுன்னு அம்மா பழக்கிவிட்டது, அது எனக்கு ஆராய்ச்சியில சேத்தியாவே தெரியலை!

— ஒரு கையால டீயை நீட்டிட்டு, வாயால 'போகலாம்'னு சொன்னா...

— எவன் போவான்! எங்க வீட்ல இருந்து எவன் போயிருக்கான்! ஆன்ட்டி, அவங்க அடங்கி உக்காரலை. என்னை மதிச்சு உக்காந்தாங்க. இது வேற... இது முழுக்க வேற கேள்வி! பாதிப் பேருக்கு டீ, பாதிப் பேருக்கு வெறும் நாற்காலி. வார்த்தை ஒண்ணு. எழுந்திருக்கறாங்களா பாப்போம்!

— இனிமே ஆள் பிடிச்சுப் பண்ண நாள் இருக்கா?

— தெரியாது. மேடம் திட்டுவாங்க. திட்டிட்டு நாள் குடுப்பாங்க... குடுக்கணும். ஒரு நிமிஷம். போன்... ஏய் சோடாபுட்டி!

— என்னடி, இறங்கிட்டியா?

— வண்டியை அணைச்சிடு. கேக்குதா? அணைச்சிடுடி. நான் வரலை. டீ! டீதான்டி காரணம்!

— கிறுக்கே, எதை அணைக்க? நான் இன்னும் கட்டிலை விட்டே இறங்கலை.

— என்னது! நான் நிஜமாவே கீழே வந்து நின்னிருந்தா?

— வருவியா நீ? ஒரு ஆளை உள்ள உக்கார வச்சுட்டு, அவங்க எழுந்திருக்கற வரைக்கும் காத்துக்கிட்டிருக்கறவ பிளேனைப் பிடிப்பாளா? கீழே வந்துட்டேன்னு நீ சொன்னா ஓடி வரலாம்னு சாவியைக் கையில வச்சுக்கிட்டுத்தான் படுத்திருக்கேன். சாப்பிட எதுவும் இல்ல, வரும்போது வாங்கிட்டு வா. அப்புறம் அப்பாவுக்குப் போன் பண்ணு. 'லீவு ரத்து'ன்னு.

— உன்னை வந்து கவனிச்சுக்கறேன், இரு... ஆன்ட்டி! மறுபடியும் மைக் போட்டிருந்தேனா?

— போட்டிருந்தே. போன்ல அவ பேசினதும் கேட்டுச்சு. எனக்கு அந்தச் சோடாபுட்டியைப் பிடிச்சிருக்கு.

— எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பேர்கூடத் தெரியாது. ஆள் சேக்கற பட்டியல்ல எனக்கு எண் மட்டும்தான் வரும். விதிப்படி கடைசிக் கேள்வி: என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?

— ஒண்ணு இருக்கு. பாதியில எழுந்து போயிருந்தாலும் அந்த மார்க் கிடைச்சிருக்குமா?

— எந்த மார்க்?

— ஆய்வுக்கு வந்து உக்காந்தா இன்டர்னல்ல போடுவாங்களே, அது.

— எழுந்து போனாலும் உண்டு. ஆனா அது முதல் வருஷப் பசங்களுக்கு ஆன்ட்டி. சீனியர்ங்க ஆய்வுல வந்து உக்காரணும், அது அவங்க பாடத்துல ஒரு பகுதி. பேரனைப் பாக்க வந்த இடத்துல உங்களுக்கு எதுக்கு மார்க்... ஆன்ட்டி? ஏன் சிரிக்கறீங்க? அந்தப் பையில என்ன... இருங்க, அது எங்க முதல் வருஷப் புத்தகமாச்சே! அது எப்படி உங்ககிட்ட... ஆன்ட்டி, அழறீங்களா?

— பேரனும் இல்ல, பேத்தியும் இல்ல கண்ணு. வகுப்புக்குள்ள கால் வச்ச நாள்ல இருந்து எல்லாரும் உன்னை மாதிரியேதான் கேக்கறாங்க, 'யாரோட அம்மா நீங்க?'ன்னு. பொறுக்க முடியலை. இன்னிக்குக் காலையில படிப்பை விட்டுடறேன்னு சொல்ல ஆபீசுக்குக் கிளம்பி வந்தவதான் நான். படியேறும்போது, இங்க வரேன்னு வாக்குக் குடுத்தது ஞாபகம் வந்துச்சு. வராம போனா மரியாதையா இருக்காதேன்னு முதல்ல இங்க வந்தேன்... சீனியர், நான் முதல் வருஷ மாணவி. நாளைக்குப் புள்ளியியல் வகுப்பு இருக்கு, ஒரு எழுத்து விளங்கலை. சொல்லித் தருவீங்களா? டீ நான் கொண்டு வரேன்.