சிறுநீரக உபயம்

இல்ல மிஸ், கிட்னி குடுக்கச் சொல்லி யாரும் மெரட்டல. காசும் குடுக்கல. இதையேதான் வெளில ஒரு நர்சு மிஸ்ஸி கேட்டாங்க, அந்தாண்ட ரூம்ல டாக்டரு கேட்டாரு, இப்ப நீங்க கேக்கறீங்க. எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க, போட்டுர்றேன். பேசணுமா? சரி, பேசலாம். ஒரு மணி நேரமா? அவ்ளோ நேரம் என்னைய யாரும் பேச விட்டதில்ல. தமிழ் பேசற கவுன்சலிங் மிஸ்ஸா போட்டதும் நல்லதாப் போச்சு லா.

ஆமா, தனலெட்சுமி. நாப்பத்தெட்டு. பெடாஸ் பக்கம் ரப்பர் தோட்டம். தோட்டம்னு பேருதான், இப்ப யாரு பால்மரம் வெட்டறா. லயத்து வீட்டுல இருந்துக்கிட்டு எல்லாரும் டவுனுக்கு வேலைக்கு ஓடறோம். நான் ஸ்கூல் கெண்டின்ல சமைக்கறேன். கிட்னி வாங்கிக்கப் போறவரு தர்மராஜ் அண்ணன், எங்க வீட்டுல இருந்து மூணாவது கதவு. சொந்தம் இல்ல. வாரத்துக்கு மூணு தடவ சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் கழுவிட்டு வராரு, நாலு வருசமா. போயிட்டு வந்தா அன்னிக்குப் பூரா படுக்கதான்.

வீட்டுக்காரரா? சரின்னுட்டாரு. வாயத் தொறந்து சொல்லல. டிவிய அடச்சாரு. எங்க வீட்டுல அதுக்கு அர்த்தம் சரிதான்.

ஏன் குடுக்கறேனா? ம்.

நான் ஒண்ணு கேக்கறேன் மிஸ். மனுசங்க எதுக்கு ஒதவி செய்றாங்க? நீங்க படிச்சிருப்பீங்க, அதுக்குன்னு பெரிய பேரெல்லாம் இருக்கும். நான் பாத்ததச் சொல்றேன். தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப எங்க லயத்துக்கு வந்து பாருங்க. வேன் வேனா வருவாங்க, எல்லாரும் ஒரே கலர் சட்ட. ஒரு அரிசி மூட்டைய ஒம்பது பேரு புடிச்சு எங்கிட்ட குடுப்பாங்க, படம் எடுக்க. படம் எடுத்து முடிஞ்சா ஒம்பது கையும் போயிரும், மூட்ட மட்டும் எங்கிட்ட நிக்கும். பத்து கிலோ. தூக்கிட்டுப் போறதுக்கு ஒரு கை வராது. ஒரு வருசம் படம் சரியா விழலன்னு மூட்டையத் திருப்பி வாங்கி மறுபடியும் குடுத்தாங்க. நானும் மறுபடியும் சிரிச்சேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க, தப்பில்ல.

வெளி ஆளுங்க மட்டுமா. எங்க எதுத்த வீட்டுல புஷ்பவள்ளின்னு ஒருத்தி இருக்கா. யாரு வீட்டுல சாவு விழுந்தாலும் மொத ஆளா அவதான் ஓடுவா. கோப்பி கலக்குவா, பாத்திரம் கழுவுவா. நல்ல மனசுன்னு நெனப்பீங்க. அவளுக்கு அடுத்தவ அடுப்படிக்குள்ள பூந்து பாக்கணும். ஐஸ்பெட்டியில என்ன இருக்கு, எந்த மருமக நெசமா அழுவறா, எவ வெங்காயம் நறுக்கிட்டு வந்து அழுவறா, கருமாதிக்கு முன்னாடி தோட்டம் பூராவும் தெரிஞ்சிரும். ஆனா பாத்திரத்த நல்லா கழுவுவா மிஸ். அதையும் சொல்லணும்ல.

நானா? நான் மட்டும் என்ன. ஒரு நாளு தர்மராஜ் அண்ணன் காடி ரிப்பேரு. நான்தான் எங்க வீட்டுக் காடியில சிரம்பானுக்குக் கொண்டு போயி விட்டேன். திரும்பி வந்து கை கால் கழுவறதுக்குள்ள பதிமூணு பேருகிட்ட சொல்லியாச்சு. எண்ணிப் பாத்தேன். யாருகிட்டயும் சொல்லலன்னா செஞ்ச மாதிரியே இருக்க மாட்டேங்குது.

வர்றேன் மிஸ், அதுக்குத்தான் வர்றேன்.

திருவிழாவுக்கு முந்தி எங்க கோயில்ல கூட்டம் போடுவாங்க. தலைவரு இராஜமாணிக்கம், தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா கணக்கு எழுதி ரிட்டயரானவரு. கூட்டத்துக்கு வர்றது முப்பது பேரு, அதுக்கு ஒரு மைக்கு. மொத நாள் உபயம் யாருன்னு கேப்பாரு, யாராச்சும் கைய தூக்குவாங்க, பேர எழுதுவாரு, நாங்க கை தட்டுவோம். பூ, பால், அன்னதானம், தண்ணிப்பந்தல்னு ஒவ்வொண்ணா ஏலம் மாதிரி போகும். இந்த வருசம் எல்லாம் முடிஞ்சு, கடைசியா அதே மூச்சுல கேட்டாரு, நம்ம தர்மராஜுக்கு கிட்னி தேவப்படுது, அத ஏத்துக்கறவங்க யாருன்னு.

ஒரு கையும் மேல வரல. ரோகினி, தர்மராஜ் அண்ணன் சம்சாரம், தரையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. நான் புஷ்பவள்ளியப் பாத்தேன். தோள் பக்கம் சேலைய இழுத்து விடறா. கைய தூக்கறதுக்கு முன்ன அவ அப்டித்தான் செய்வா, இருவது வருசமா பாக்கறேன். அவளுக்கு முந்தி நான் தூக்கிட்டேன்.

ஆமா மிஸ். அதுக்குத்தான். ஏன் எழுதாம நிறுத்திட்டீங்க? எழுதிக்குங்க.

அடுத்த வாரம் திருவிழா நோட்டிஸ் அடிச்சு வந்துச்சு. பூ அலங்கார உபயம் இன்னார், அன்னதான உபயம் இன்னார், அதுக்குக் கீழ சிறுநீரக உபயம், திருமதி தனலெட்சுமி வீரமுத்து குடும்பத்தினர். குடும்பத்தினர்னு போட்டுட்டாங்களா, எங்க வீட்டுக்காரரு அன்னிக்குப் பூரா இடுப்பத் தடவிக்கிட்டே இருந்தாரு.

ரத்தமே இன்னும் எடுக்கல, அதுக்குள்ள பொன்னாட போத்தியாச்சு. பெரிய மாலையாப் போட்டு, மேடையில உக்கார வச்சு படம் எடுத்து வாட்ஸ்அப்புல விட்டாங்க. மந்தின்ல இருக்கற எங்க சித்தப்பா மக அதப் பாத்துட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, அக்கா எப்ப தவறுனாங்கன்னு கேட்டு அழுதாளாம். ஸ்கூல்ல ஹெட்மாஸ்டரு சபைகூடல்ல என்னைய முன்னாடி நிக்க வச்சாரு. தெனமும் என் மீகோரெங்ல உப்பு இல்லன்னு சொல்ற புள்ளைங்க எல்லாம் கை தட்டுதுங்க.

புஷ்பவள்ளி ரெண்டு நாளு எங்கூட பேசல. மூணாம் நாளு ரசம் கொண்டாந்து குடுத்தா, பத்தியத்துக்கு இப்பவே பழகிக்கன்னு.

தர்மராஜ் அண்ணனா? அவரு முந்தி எப்டின்னு சொல்லணும். கோயில் செயலாளரா இருந்தவரு. பொம்பளைங்க நாங்க ஏதாச்சும் பேசுனா, தனம், நீ போயி சாம்பாரப் பாரும்பாரு. எல்லார் முன்னாடியும். இப்ப நான் உள்ள நொழஞ்சா எந்திரிச்சு நிக்கறாரு. முடியாம, சுவத்தப் புடிச்சுக்கிட்டு எந்திரிக்கறாரு. உக்காருங்கண்ணேன்னு சொல்லலாம். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் சொல்லுவேன்.

அது நல்லா இருந்துச்சு மிஸ். ஒங்ககிட்ட பொய் சொல்லி என்ன ஆகப் போவுது.

ரோகினிதான் கஷ்டம். எங்க வீட்டு வாசல விடியறதுக்குள்ள பெருக்கிட்டுப் போயிடறா. நான் தண்ணி வாளியத் தூக்குனா ஓடி வந்து புடுங்கறா. ஒங்க ஒடம்பு இப்ப ஒங்களோடது மட்டும் இல்லக்கான்னு சொல்றா. நல்ல மனசோடதான் சொல்றா. நான் வாளிய விட்டுட்டு உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டேன்.

இங்க நான் பேசறது வெளில போகாதுல்ல? டாக்டருக்கும்? தர்மராஜ் அண்ணன் வீட்டுக்கும்? கதவு சாத்தியிருக்கா? ம்.

அவரு கூடப் பொறந்த தம்பி டெஸ்டுக்கு வந்தாரு, பொருந்தல. சொந்த மக வந்தா, பொருந்தல. இதெல்லாம் கூட்டத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும் மிஸ். ஒரே ரத்தம், அவங்களுக்கே பொருந்தலன்னா எனக்கு எங்க பொருந்தப் போவுது. நான் சொந்தமா, ஒண்ணா. கைய தூக்குவோம், கை தட்டுவாங்க, டெஸ்டு எடுப்பாங்க, பொருந்தலன்னு சொல்லுவாங்க, நான் கொஞ்சம் அழுவேன், அதோட முடிஞ்சிரும்னு நெனச்சேன். தூக்குனதுக்கு அதான் காரணம். மத்ததெல்லாம் அப்பறம்தான்.

போன மாசம் டாக்டரு கூப்புட்டு நல்லாப் பொருந்துதுன்னாரு. ரோகினி அங்கயே, அந்த வராந்தாவுலயே, என் கால்ல விழுந்துட்டா. நானும் அழுதேன். எல்லாரும் சந்தோசத்துல அழுவறேன்னு நெனச்சாங்க.

எனக்கு பயமா இருக்கு மிஸ். ஒரு பல்லு புடுங்கறதுக்கே மூணு தடவ போயிட்டுத் திரும்பி வந்தவ நான். கிழிச்சு எடுத்துருவாங்க, அப்பறம் வருசத்துக்கு ஒரு தடவ திருவிழா வரும், அப்ப யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா. நீங்க பொருந்தலன்னு எழுதிருங்க. தப்பாப் பாத்துட்டோம்னு.

அப்டி எழுத முடியாதா? பின்ன எப்டி? ஓ. தகுதி இல்லன்னு மட்டும். காரணம் சொல்ல மாட்டீங்க, அவங்க கேட்டாலும்? அவ்ளோதானா? இவ்ளோ சுலுவா இருக்கும்னு தெரிஞ்சிருந்தா போன மாசமே வந்திருப்பேனே.

அப்ப அவரு? வேற கிட்னிக்கு வரிசையில இருக்கணும். எத்தன வருசம்? ம். அதுவரைக்கும் ஒடம்பு தாங்குமா? சரி, விடுங்க. அதுக்கு நீங்க என்ன சொல்வீங்க. நானாத்தான் கேட்டேன்.

இல்ல, இன்னொரு நாளு யோசிச்சு வர்றதெல்லாம் வேணாம். இன்னிக்கே எழுதிருங்க. இன்னொரு நாளு வந்தா நான் மறுபடியும் சரின்னு சொல்லிருவேன், என்னைய எனக்குத் தெரியும்.

ரோகினி வெளில பெஞ்சுலதான் உக்காந்திருக்கா, மடியில என் பைய வச்சுக்கிட்டு. எனக்கு வாங்குன மைலோ ஆறிப் போயிரும்னு துண்டுல சுத்தி வச்சிருக்கா. அவங்க காடியிலதான் வந்தோம். பையில ஒண்ணும் இல்ல, அது கெடக்கட்டும், பர்ஸ் கையிலதான் இருக்கு. பெடாஸுக்கு இங்கருந்து பஸ் இருக்குமில்ல?

மிஸ், இந்த ரூமுக்கு அந்தாண்ட வேற கதவு இருக்கா?