ஆய்வுக்கூட விசிறி நின்றதும் நான் இணைப்பைப் பிடுங்கியதும்

முதல் தாளில் கண்ட பெயரும் விலாசமும் என்னுடையவையே. எனக்கு வயது நாற்பத்துநான்கு. கல்லூரிகளையும் ஆராய்ச்சி நிலையங்களையும் ஒன்றோடொன்று இணைக்கும் கல்வி வலையமைப்பின், பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் மூத்த பொறியாளராக வேலை பார்க்கிறேன். திறப்பு விழா நடந்துகொண்டிருந்தபோது நான் வேண்டுமென்றே வலையமைப்பை முடக்கி, விருந்தினர் முன்னிலையில் அலுவலகத்துக்குத் தலைகுனிவு உண்டாக்கியதாக எங்கள் இயக்குநர் கொடுத்த புகாரை இந்தக் காவல் நிலையத்தில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். முடக்கியது நான்தான். வேண்டுமென்றேதான் முடக்கினேன். நடந்ததைச் சொல்கிறேன்.

எல்லாக் கல்லூரிகளையும் புதிய இணைய முகவரி முறைக்கு மாற்றுவது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அலுவலகத்தில் அதை வி-சிக்ஸ் என்போம். பழைய முறையில் முகவரிகளுக்குப் பஞ்சம் என்பதால் ஒரு கல்லூரி முழுவதும் ஒன்றிரண்டு முகவரிகளுக்குப் பின்னால் ஒண்டியிருந்தது, உள்ளே இருந்த கருவிகளை வெளியார் நேராக அழைக்க முடியாது. புதிய முறையில் கணினியானாலும் கதவுப் பூட்டானாலும் ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கிடைக்கும், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் அதைக் கூப்பிடலாம். ஆராய்ச்சிக்கு இது அவசியம். இது வேண்டும் என்று பல கூட்டங்களில் வாதாடியவள் நான். ஆனால் யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்று வாசலில் நின்று தடுக்கும் ஃபயர்வாலுக்குப் புதிய முறைக்கென்று தனியாக விதிகள் எழுத வேண்டும். பழைய விதிகள் புதிய முகவரிகளைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

அந்த விதிகளை எழுதி முடிக்கும் முன் இயக்குநர் புதிய முறையின் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார். அதன் பிறகு, விழா மேடையில் பெரிய திரை வைத்து, இணைந்த கருவிகள் எல்லாவற்றையும் முகவரியோடு புள்ளி புள்ளியாகக் காட்டும் வரைபடம் ஒன்றைச் செய்யச் சொன்னார். வெளிநாட்டு விருந்தினர்கள் தங்கள் ஊரிலிருந்தே தொட்டுப் பார்க்கட்டும் என்று அதைப் பொது இணையத்திலும் போடச் சொன்னார். நான் மறுத்தேன். "வீட்டைத் திறந்து போட்டுட்டு, எந்த அறையில என்ன இருக்குன்னு வாசல்ல போர்டும் வைக்கிறோம் சார்" என்றேன். அவர் சிரித்தார். "நீங்க எதைப் பார்த்தாலும் பேயைப் பார்த்த மாதிரி பேசுறீங்கம்மா. விழா முடியட்டும், அப்புறம் பூட்டிக்கலாம்" என்றார். என் ஆட்சேபத்தை மறுபடி எழுத்தில் கொடுத்தேன். பதில் வரவில்லை. வரைபடம் வெளியானது.

அதன் பிறகு சின்னச் சின்னதாகத் தொடங்கியது. எங்கள் வளாக நூலகத்தின் வாசலில் இருக்கும் கேமரா தெருவைப் பார்ப்பதை விட்டு உள்பக்கம் திரும்பி, உட்கார்ந்து படிப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. எங்கள் ஃபைபர் வேலைகளைக் கவனிப்பவரைக் கேபிள் அண்ணன் என்று கூப்பிடுவோம். அவர் போய் அதைத் தெருப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தார். அடுத்த முறை பார்த்தபோது அது அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. "என்னை நோட்டம் விடுதும்மா இது" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாரே தவிர, கேமராவின் மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டுத்தான் வந்தார். பிறகு உயிரியல் துறையின் குளிர் அறை தானாகச் சூடேறித் தானாகக் குளிர்ந்தது. விடுதியில் ஒரு தளத்தின் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டு, ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. எதுவும் திருடு போகவில்லை. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குச் சேரும் என்று யாரோ பொறுமையாகப் போட்டுப் பார்ப்பதுபோல எனக்குத் தோன்றியது. இயக்குநரிடம் சொன்னபோது, புதுக் கருவி என்றால் அப்படித்தான் என்றார்.

என் நாத்தனார் அதே வளாகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்பவர். எங்களுக்குள் பெரிய ஒட்டுதல் கிடையாது. என் கணவர் எனக்கு வாங்கும் புடவையைவிடத் தங்கைக்கு வாங்குவது நன்றாக இருப்பது ஏன் என்று நான் கேட்டதிலிருந்து ஆரம்பித்த விவகாரம் அது. அவர் எனக்கு ஃபோன் செய்வது அபூர்வம். விழாவுக்கு முந்தின நாள் செய்தார். "அண்ணி, லேப்ல புகையை இழுக்குற ஃபேன் தானா நிக்குது, தானா ஓடுது. உங்க ஆளுங்க எதாவது பண்றாங்களா?" என்று கேட்டார். நாங்கள் இல்லை என்றேன். பராமரிப்புக்காரர்கள் பார்த்துச் சரியாகிவிட்டது என்று சொன்னதாகவும், பாதியில் விட முடியாத வேலை ஒன்று இருப்பதால் மறுநாளும் வருவதாகவும் சொன்னார். "வராதே" என்றேன். "உங்க விழாவுக்கு நான் வராட்டி என்ன, என் வேலைக்கு நான் வரணும்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் மேடைக்குப் பின்னால் இருந்த கட்டுப்பாட்டு அறையில் நானும் கேபிள் அண்ணனும் இருந்தோம். கண்ணாடி வழியாகத் திரை தெரிந்தது. இயக்குநர் பேசிக்கொண்டிருக்கையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைய ஆரம்பித்தன. முதலில் நூலகம், அடுத்து விடுதி, அதன் பிறகு வேதியியல் கட்டடம். அணைந்தவை வரிசையாக மறுபடி எரிந்தன. விருந்தினர்கள் அதை வேடிக்கைக்காக வைத்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள். அப்போது என் ஃபோன் அடித்தது. நாத்தனார். "அண்ணி, ஃபேன் நின்னுடுச்சு. கதவு திறக்கல" என்று சொன்னார். அதற்கு மேல் இருமல் மட்டும் கேட்டது.

கேபிள் அண்ணன் தீயணைப்பு நிலையத்துக்கு ஃபோன் செய்தார். நான் அந்தக் கட்டடத்தின் இணைப்பை மட்டும் துண்டிக்கக் கணினியில் என் கடவுச்சொல்லை அடித்தேன். தவறு என்றது. மறுபடி அடித்தேன். அப்படி ஒரு ஆளே இல்லை என்றது. காலையில் அதே கடவுச்சொல்லால்தான் உள்ளே போயிருந்தேன். அந்த விசிறியும் கதவும் இணைப்பு அறுந்தால் தம் பழைய நிலைக்கே திரும்பும். விசிறி முழு வேகத்தில் ஓடும், பூட்டு விட்டுவிடும். அப்படித்தான் அவற்றைச் செய்திருக்கிறார்கள். கேபிள் அண்ணன் என் முகத்தைப் பார்த்து, "பிடுங்கும்மா" என்றார். வெளியிலிருந்து வரும் இரண்டு ஃபைபர்களையும் தலைமை ரவுட்டரிலிருந்து கையால் பிடுங்கினேன். திரை கறுத்தது. எல்லாக் கல்லூரிகளும் போயின. கைதட்டல் நின்றது.

நான் ஓடிப் போனபோது ஆய்வுக்கூடக் கதவு திறந்து கிடந்தது, விசிறி இரைந்துகொண்டிருந்தது. நாத்தனார் வாசற்படியில் கவிழ்ந்து கிடந்தார். கதவு பூட்டியிருந்தபோது அதன் கீழ் இடுக்கால் காற்று வந்த இடத்தை நோக்கி அவர் கை நீண்டிருந்தது. உயிர் இருந்தது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்தோம். மூச்சுக் கருவி வைத்திருக்கிறார்கள். இன்னும் பேசவில்லை. என் கணவர் வார்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்.

வேறு வழி இருந்ததா என்று காவல் ஆய்வாளர் கேட்டதற்கு, அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை என்று சொல்கிறேன். வலையமைப்புக்குள் நுழைந்தது யார் என்று கேட்டதற்கு, தெரியாது.

இன்னும் ஒன்று இதில் எழுதப்பட வேண்டும். இங்கே என் ஃபோனை வாங்கி வைக்கும் முன் கேபிள் அண்ணன் அழைத்தார். "டைரக்டர் ரெண்டு ஃபைபரையும் திரும்பச் சொருகச் சொல்லிட்டாரும்மா. நான் மாட்டேன்னு சொன்னேன், வேற ஆளை வச்சுச் சொருகிட்டாங்க. இந்தத் தடவை ஆஸ்பத்திரியையும் சேர்த்துட்டாங்க" என்றார். நான் ஆய்வாளரிடம், "மேடம், கையெழுத்து எத்தனை வேணும்னாலும் போடுறேன், முதல்ல அந்த வார்டுக்கு ஒரு ஃபோன் போடுங்க" என்று கேட்டுக்கொண்டேன். ஆய்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு வார்டுக்கு அழைத்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். மணியே அடிக்கவில்லை. அந்த வார்டின் தொலைபேசி எங்கள் வலையமைப்பில்தான் ஓடுகிறது என்று சொன்னேன். என் கணவரின் கைபேசிக்கு அழைத்தபோது அவர் எடுத்து, வார்டுக் கதவு பூட்டிக்கொண்டதாகவும் உள்ளே செவிலியர்கள் கண்ணாடியைத் தட்டுவதாகவும் சொன்னார்.

இதுவரை எழுதியதை ஆய்வாளர் வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னது அத்தனையும் நடந்தது. மருத்துவமனைக்குப் போக ஆய்வாளரின் வண்டி வாசலில் கிளம்பி நிற்பதால் நின்றபடியே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)