ஆரியா, ஆபேஸ்

எனக்கு யார் மேலும் கோபம் கிடையாது, சார். இங்கிலீஷைக் கடித்துத் துப்பினால் மட்டும் காது கூசும். சோற்றில் மணல் கடிபட்ட மாதிரி.

எங்கள் துறைமுகத்தில் கப்பலுக்குள் சரக்கு இறக்கும் வின்ச்சு என் பொறுப்பு. நான் நிற்கும் இடத்திலிருந்து கப்பலின் அடியறை தெரியாது. அலியார் அதன் விளிம்பில் நின்று கூவுவார். அந்தக் குரலுக்குத்தான் என் கை அசையும். இறக்க 'ஆரியா', தூக்க 'ஆபேஸ்'. மூட்டை சுமப்பவர்கள் எல்லாரும் அதை இங்கிலீஷ் என்றே நம்பினார்கள். எந்த அகராதியிலும் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டேன்.

வெள்ளைக்காரன் போய்விட்டான், அவன் பாஷையையாவது ஒழுங்காக வைத்துக்கொள்வோம் என்றேன். இறக்க 'லோயர்', தூக்க 'ஹாயிஸ்ட்' என்று சொல்லிக்கொடுத்தேன். என்னை மிஸ்டர் மூக்கையா என்று கூப்பிடவும் பழக்கினேன்; மரியாதைக்காக இல்லை, பயிற்சிக்காக.

அலியார் சிரித்தார். "ஏலே, எந்தத் தேசத்துக் கப்பல்காரனும் ஆரியான்னா எறக்குறான். அப்பறம் என்னலே தப்பு?"

"புரியுறது வேற மாமா, சரி வேற."

"ஒங்க அய்யா முதுகு காய்ச்சது இந்த ஆரியாவுலதான். மிஸ்டருக்கு மட்டும் கசக்குதாக்கும்?"

துறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அதில் என்ன இருக்கிறது?

மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். சரியான வார்த்தை வந்தால்தான் கை அசையும். முனகினார்கள், பிறகு படிந்தார்கள். அலியார்கூட 'லோயர்' சொன்னார், வேப்பங்கொழுந்தைத் துப்புவது போல.

அன்று ஏர்வாடி தர்காவில் சந்தனக்கூடு திருவிழா, ஆள் குறைவு. அலியாரே அடியறையில் இறங்கி நின்று "லோயர்" என்றார். கருவாட்டுச் சிப்பங்களை இறக்கினேன். பாதியில் "ஆபேஸ்" என்று சத்தம் வந்தது. பிறகு "ஆபேஸ், ஆபேஸ்". சுமைக்கு நேர் கீழே கால் எதிலோ மாட்டியிருக்கிறது என்று குரலிலேயே தெரிந்தது. ஆனால் கடைசியாக வந்த சரியான உத்தரவு 'லோயர்'தான். நிதானமாகத்தான் இறக்கினேன், வேலையில் நான் அவசரப்படுவதில்லை.

விபத்து என்று எழுதிவிடாதீர்கள், சார். காதில் விழுந்தது, புரிந்தது, இறக்கியது என் கை. ஒரே ஒரு வார்த்தை சரியாகச் சொல்லியிருந்தால் தூக்கியிருப்பேன். அவகாசமும் கொடுத்தேன்.

கடைசியில் அவர் ஆபேஸை விட்டுவிட்டு என் பெயரைக் கூப்பிட்டார்.

மிஸ்டர் போடவில்லை.