பாரவண்டி ஒதுங்காது

கருப்பட்டிக் காப்பி உங்களுக்குப் பழக்கமில்லை என்று முகத்திலேயே தெரிகிறது. பாதியில் வைத்துவிடுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். கொச்சியிலிருந்து இந்தக் கொல்லங்கோடு வரை பஸ்ஸில் குலுங்கி வந்திருக்கிறீர்கள். வந்ததற்கு உண்மையையாவது எடுத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் சரக்குக் கப்பலும் போர்க்கப்பலும் மோதியது சுக்கான் சங்கிலி சிக்கியதால் என்று விசாரணையில் முடிவு கட்டியிருக்கிறீர்களாம். சங்கிலிக்குப் பொறுப்பு எங்கள் தள மேலாள் மத்தியாஸ். செத்தவன் மேல் பழியைப் போடுவது சுலபம்தான். ஆனால் சுக்கான் பிடித்தவன் நான். என் கையில் எந்தச் சுக்கானும் சிக்கியதில்லை. அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

கப்பலுக்குப் போகுமுன் நான் மாட்டுவண்டிக்காரன். நானும் தம்பி நல்லமுத்துவும் பொள்ளாச்சியிலிருந்து புண்ணாக்கு மூட்டை ஏற்றி வருவோம். அந்தச் சாலையில் ஒரே சட்டம்தான். வெறும்வண்டி ஒதுங்கும், பாரவண்டி ஒதுங்காது. மேட்டில் நின்றுபோன பாரத்தை மாடு மறுபடி இழுக்காது. ஒதுங்காத வெறும்வண்டிக்காரனை இறக்கிச் சாட்டையால் விளாசினாலும் ஏனென்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். நானே ஒருவனை விளாசியிருக்கிறேன். "தப்புத்தானுங்க" என்று அழுதான். நியாயம் அவனுக்கும் தெரிந்திருந்தது.

சண்டைக் காலத்தில் ஒருநாள் எதிரே ராணுவ லாரி வந்தது. பின்னால் ஒன்றுமில்லை, வெறும் லாரி. தம்பி முன்வண்டியில் மேடேறிக்கொண்டிருந்தான். திரும்பி என்னைப் பார்த்தான்.

"ஒதுங்காதடா, அவன் ஒதுங்கட்டும்" என்றேன்.

தம்பி என் சொல்லைத் தட்டாதவன். லாரி ஒதுங்கவில்லை. அவனையும் ஒரு மாட்டையும் சாலையில் கிடத்திவிட்டு, பார்த்து ஓட்டக்கூடாதா என்று என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

மிஞ்சிய மாடுகளை விற்றுவிட்டுக் கொச்சிக்குப் போனேன். தளம் கழுவினேன், கயிறு இழுத்தேன், பிறகு சுக்கானி ஆனேன். கடலின் சட்டத்தையும் கற்றுக்கொண்டேன். வலப்பக்கமிருந்து குறுக்கே வரும் கப்பலுக்கு நாம்தான் வழிவிட வேண்டும். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

அன்று நல்ல வெயில். வலப்பக்கம் போர்க்கப்பல் வந்தது. மூட்டை முடிச்சு எதுவும் சுமக்காத கப்பல். பீரங்கியும் கொடியும்தான். ஊதிக்கொண்டே வந்தார்கள். அந்த லாரிக்காரனும் அப்படித்தான் ஊதினான்.

முன்தளத்தில் நின்ற மத்தியாஸ் கத்தினான்.

"ஆறுச்சாமி, வலதுக்கு ஒடி. அவனுக்குப் பின்னால சுத்திப் போயிரலாம்."

"ஒடிச்சுட்டனுங்க" என்றேன். சக்கரத்தை நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன், திருப்பவில்லை.

"கப்பல் திரும்பலியே. சங்கிலி சிக்கிருச்சா?"

"ஆமாங்க, சிக்கிருச்சுங்க."

பாவம், அவன் நம்பினான். சங்கிலியைப் பார்க்கக் கீழே ஓடினான், மேலே வரவில்லை. போர்க்கப்பல் எங்கள் வலப்புறத்தைக் கிழித்துக்கொண்டு எஞ்சின் அறைவரை வந்தது. அங்கே வேலை செய்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. போர்க்கப்பலிலும் முன்தளத்துப் பையன்கள் சிலர் செத்தார்கள். எனக்கு வருத்தமில்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் ஒதுங்கியிருக்கலாம்.

எஞ்சின் அறையில் கரி அள்ளிப்போட்ட சைனுதீன் என் பக்கத்து வீட்டுப் பையன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே நான்தான். அவன் அம்மா நேற்றும் வந்தாள்.

"ஏனுங்கண்ணா, எம்பையன் ரொம்ப நோவுபட்டிருப்பானுங்களா?"

"இல்லம்மா. ஒரு நொடிதான்" என்றேன். உண்மையில் அவன் கத்தியது சுக்கான் அறைவரை கேட்டது. நெடுநேரம் கேட்டது. அதைச் சொல்லி அவளை ஏன் வதைக்க வேண்டும்? எனக்கு அந்த அளவு ஈரம் உண்டு.

ஆக, சங்கிலி சிக்கவில்லை, கை தவறவில்லை. நான் திருப்பவில்லை, அவ்வளவுதான். உங்கள் சட்டப்படி அது கொலை என்றால் கொலை என்றே எழுதுங்கள். எங்கள் சாலைச் சட்டப்படி நான் ஒரு தப்பும் செய்யவில்லை. என் தம்பிக்கும் அந்தச் சட்டத்தைத்தான் சொன்னேன்.

என்ன சரக்கு ஏற்றியிருந்தோம் என்றா கேட்கிறீர்கள்? அதையெல்லாம் மோதிய அன்று காலையே கொச்சியில் இறக்கிவிட்டோமே.