விட்டுப்போன மூணு

இல்லைங்க சிஸ்டர், காய்ச்சல் இல்ல. வெளிய பனி உறைஞ்சு கெடக்கு, நான் ஸ்வெட்டரக் கழட்டிட்டு விசிறிக்கிறேன். காய்ச்சலா இருந்தாத் தேவலையே. வயசு அம்பத்தி மூணு. தீட்டு நின்னு பதினாலு மாசம் ஆச்சு.

இந்தாங்க நோட்டு. ஒரு கோடுன்னா ஒரு தடவ சூடு ஏறுச்சுன்னு அர்த்தம். சுழிச்சிருந்தா தூக்கத்துல வந்தது. நடுக்குளிர்காலம், ஜூலையில மட்டும் நூத்தி அறுபத்தி ரெண்டு. எங்க வீட்டுக்காரரு ரெக்ஸ் சிரிக்கிறாரு. ஆடு எண்ணி எண்ணி உனக்கு எதப் பாத்தாலும் எண்ணத் தோணுதுங்கிறாரு.

பண்ணாத வைத்தியமா. டீய விட்டுட்டேன். கழுத்துல ஈரத் துண்டு போட்டுப் பாத்தேன். கறி வைக்கிற குளிர் ரூம்ல, தொங்குற ஆட்டுக்குப் பக்கத்துல நானும் போயி நிக்கறேன். அஞ்சு நிமிஷத்துக்குத் தாங்கும்.

ஹார்மோன் பிளாஸ்திரியா? வயித்துல ஒட்டிக்கிறதா? ஒட்டிக்கறேன். மறதிக்கும் அதுதானா?

சாவிய மறக்கிற மறதி இல்ல சிஸ்டர். நீங்க டவுன்காரங்க, சொல்றேன். ரோமம் கத்தரிக்கிற கொட்டகையில, கத்தரிக்கிற ஆளுங்க, கத்தரிச்ச ஆட்ட அவங்கவங்க அடைப்புல தள்ளிடுவாங்க. மணி அடிச்சதும் நான் கதவத் தொறந்து மூணு மூணா எண்ணி விடுவேன், அந்த எண்ணிக்கைக்குத்தான் அவங்களுக்குக் கூலி. வெளிய போனது மந்தையோட கலந்துடும், திரும்ப எண்ண முடியாது. இருவத்தாறு வருஷமா என் கணக்க ஒருத்தரும் கேள்வி கேட்டதில்ல.

ரோமம் கத்தரிக்கிற கிளைவ் கேட்டாரு. ஒன்பதாந்தேதி, மத்தியானச் சாப்பாட்டு மணிக்கு. நான் கத்தரிச்சது நாப்பத்தி நாலுன்னாரு. நாப்பத்தி ஒண்ணுன்னேன். சத்தம் போடல மனுசன். நல்லா யோசிச்சுப் பாரு நெரீடான்னாரு, அவ்வளவுதான். எல்லாரும் பாத்துட்டு நிக்கிறாங்க. எனக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு. எழுதினது எழுதினதுதான்னுட்டேன். வயசாச்சு கிளைவ், விரல்விட்டு எண்ணிப் பழகுன்னு ஒருத்தன் கிண்டல் பண்ணான். இன்னொருத்தன் அவர் முகத்தப் பாக்காம எந்திரிச்சுப் போனான். இந்தப் பக்கத்துல, ஆட்டக் கூட்டிச் சொல்றவன்னு ஒரு பேரு வந்துட்டா போதும், ஒரு கொட்டகையிலயும் சேக்க மாட்டாங்க. சோறக்கூடத் தொடல அவரு. கத்தரி மிஷின சாக்குல சுத்திக்கிட்டுக் கெளம்பிட்டாரு.

இந்த மறதி எப்பலேர்ந்துன்னு கேட்டீங்கல்ல. ஒன்பதாந்தேதிப் பக்கத்தப் புரட்டுங்க. பன்னெண்டு மணிக்கு நேரா ஒரு கோடு இருக்கா. கதவப் புடிச்சிட்டு நிக்கறப்ப வந்தது. குப்புன்னு ஏறி, கண்ணெல்லாம் வேர்வ. தொடச்சுக்கிட்டுத்தான் எண்ணினேன்.

போன ஞாயித்துக்கிழம ரெக்ஸ் இல்லாதப்ப, மந்தைய நான் தனியா எண்ணினேன். என் புத்தகப்படி ஆயிரத்தி இருநூத்தி எட்டு. மந்தையில ஆயிரத்தி இருநூத்திப் பதினொண்ணு. மூணு தடவ எண்ணிட்டேன். அதேதான்.

இல்ல, ரெக்ஸ்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல.

ரத்த அழுத்தமா, இந்தக் கையில கட்டுங்க. உங்க வேன் அடுத்து குண்டாரிதான போகுது? கிளைவ் அங்க அக்கா வீட்டுல இருக்காராம். பின் சீட்டுல ஒரு எடம் குடுத்தீங்கன்னா போதும், சிஸ்டர். நோட்டையும் எடுத்துக்கறேன். அவரு சத்தம் போட மாட்டாரு. அதான் பயமா இருக்கு.